பார்த்த படத்தையே பத்தாவது தடவை பார்ப்பவருக்கு

சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. வயது முப்பத்து நான்கு. ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வந்ததும் புதுப்படம் எதையும் பார்க்க மனசு வருவதில்லையாம். பழைய நகைச்சுவைப் படங்களில் நாலைந்தையே மாற்றி மாற்றிப் பார்க்கிறார். மனைவி, “இதையே எத்தனை தடவைதான் பார்ப்பீங்க?” என்று கேட்கிறார். இது மன அழுத்தத்துக்கு நல்லதா, இல்லை பிரச்சினையிலிருந்து ஓடி ஒளிவதா? சினிமாவிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் கிடைக்கும் என்பதெல்லாம் உண்மையா? மனைவிக்கு என்ன பதில் சொல்வது? இவ்வளவுதான் கேள்வி.

நான் இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டி அதைப் பற்றிப் பேசுவதும் வேலையில் ஒரு பங்காக இருந்தது. மருத்துவன் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடி ஒளிவது என்று நான் சொல்ல மாட்டேன். ஆறுதல், பாடம் என்று இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. முதல் தடவை பார்க்கும்போது கதை நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்றே கண் போகிறது. முடிவு தெரிந்த பிறகுதான் கண் சும்மா அங்கே இங்கே திரியும். ஓரத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கும். மனசு இளகுவதும் அப்போதுதான், ஏதாவது ஒன்று வந்து ஒட்டிக்கொள்வதும் அப்போதுதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு மருத்துவமனையில். 2009-ல் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலிகள், சுவரில் உயரத்தில் ஒரு டி.வி. சத்தம் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இரவு பதினொரு மணி இருக்கும். யாருக்கும் யாரையும் தெரியாது; ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையும் ஃப்ளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தோம். டி.வி.யில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். அதில் நாகேஷ்தான் செல்லப்பா. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று கம்பெனிக்குப் பெயரெல்லாம் வைத்தாயிற்று, பணம்தான் இல்லை. பணம் இருப்பது அப்பா விஸ்வநாதனிடம், அதாவது டி.எஸ்.பாலையாவிடம். அப்பாவை உட்கார வைத்து மகன் ஒரு திகில் கதை சொல்கிறான், வாயாலேயே எல்லாச் சத்தமும் கொடுத்து.

எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் முன்வரிசையில் ஒரு பெரியவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடத்தில் கூடம் முழுக்கச் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தது. காவலாளி எட்டிப் பார்த்தார், அதட்ட வந்தவர் அப்படியே நின்று பார்த்தார்.

அன்றுவரை அந்தக் காட்சியில் நான் நாகேஷை மட்டுமே பார்த்திருக்கிறேன். சத்தம் இல்லாததால் அன்று பாலையாவைப் பார்த்தேன். பணம் தரக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்த மனிதர் அவர். கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் போய், பயந்து, எச்சில் விழுங்கி, கடைசியில் தன்னையே மறக்கிறார். காட்சியைத் தாங்குவது கதை சொல்கிறவர் இல்லை, கேட்கிறவர். வகுப்பிலும் வீட்டிலும் நான் எப்போதும் நாகேஷ் வேலையே பார்த்துக்கொண்டிருந்தவன். அப்பா உள்ளே படுத்திருக்கும்போது எனக்கு அது உறைத்தது. அவர் பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் ‘இதை முன்னாடியே சொல்லிட்டீங்கப்பா’ என்று எழுந்து போன நாள்கள் நினைவுக்கு வந்தன. மறுவாரம் வார்டில், ஆயிரம் முறை கேட்ட அவருடைய டூரிங் டாக்கீஸ் கதையை முழுசாகக் கேட்டேன். பாலையா அளவுக்கு எனக்கு முகபாவம் வராது. முயற்சி செய்தேன்.

தெரிந்த கதையையே திரும்பக் கேட்பது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த பழக்கம் இல்லை. அரிச்சந்திரன் மயான காண்டம் எப்படி முடியும் என்பது தெரியாமலா ஊர் சனம் விடிய விடிய உட்கார்ந்து அழுதது? வள்ளி திருமணத்தில் வள்ளி யாரைக் கட்டிக்கொள்வாள் என்ற சந்தேகம் யாருக்கும் இருந்ததில்லை. நாரதர் வேஷக்காரர் இந்த ஊரில் இன்றைக்கு எப்படி வாதம் பண்ணுகிறார் என்று பார்க்கத்தான் போவார்கள். சினிமா வந்த பிறகு ஒலிபெருக்கியும் ரேடியோவும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ வசனம் ஓடும். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். என் அம்மா அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தது ஒரே தடவைதான். தருமி புலம்பலைக் காதால் கேட்டது நூறு தடவை இருக்கும். ஆட்டுக்கல்லை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். ஆயிரம் பொற்காசு கைநழுவிப் போகப்போகிறதே என்று கோயிலில் தனியாக நின்று தனக்குத்தானே பேசும் ஏழைப் புலவன், வீட்டுச் செலவுக் கணக்குப் போடும் அம்மாவுக்கு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு உளவியல் தெரியாது. ஆனால் உளவியல் படித்தவர்களும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஜே டெரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மன உறுதியைச் செலவழிக்க வைக்கும் வேலை ஒன்றைச் செய்து களைத்தவர்கள், தங்களுக்குப் பழகிய கதை உலகத்துக்குத் திரும்பப் போனபோது அந்த உறுதி ஓரளவு மீண்டது என்றார். எது கிடைத்தாலும் பார்ப்பதால் இந்தப் பலன் வரவில்லை, பழகியதாக இருக்க வேண்டும். காரணம் யோசித்தால் புரியக்கூடியதுதான். பகல் முழுக்க மனிதர்களிடம் அளந்து பேசியிருக்கிறீர்கள். மேலாளர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். செல்லப்பா அடுத்து என்ன சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் நீங்கள் நடிக்க வேண்டியதில்லை.

சிரிப்பைப் பற்றித் தனியாகவும் ஆய்வுகள் உண்டு. ராபின் டன்பார் என்ற பிரிட்டன் ஆய்வாளரின் குழு நகைச்சுவை வீடியோ காட்டி, வாய்விட்டுச் சிரித்த பிறகு வலி தாங்கும் அளவு கூடுகிறதா என்று பார்த்தது. கூடியது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். மெல்லிய புன்னகைக்கு அந்தப் பலன் இல்லையாம், வயிறு குலுங்க வேண்டும். ராபர்ட் ப்ரொவைன் என்பவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்: தனியாக இருக்கும்போதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டார். இந்த 30-ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், உங்கள் மனைவி விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

சிரிப்பே மருந்து என்று ஒரேயடியாகச் சொல்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், முதுகெலும்பு நோயில் கிடந்தபோது மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் நன்றாகச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். அது ஒருவருடைய அனுபவம், மருத்துவம் இல்லை. வலிந்து சிரிப்பதைப் பற்றியோ நம் ஆட்களே கிண்டல் செய்துவிட்டார்கள். 2004-ல் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் பிரகாஷ்ராஜ் மருத்துவக் கல்லூரி டீன். கோபம் வந்தால் சிரிக்க வேண்டும் என்பது அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட வைத்தியம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சிரிக்கச் சிரிக்க ரத்த அழுத்தம் ஏறுவதுபோலத்தான் நமக்குத் தெரியும்.

சரி, எது சிரிக்க வைக்கிறது? இங்கே என் தொழிலுக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது; அதில் முதலில் வைத்தது நகை. ‘எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப’ என்பது சூத்திரம். சிரிப்பு பிறக்கும் இடம் நாலு. அதில் நாலாவதான மடன், அதாவது மடம் என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்கம் தருவார்கள். அதாவது, சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொள்வது, பிடித்த பிடியை விடாமல் இருப்பது. இதை வகுப்பில் எப்படி விளக்குவது என்று திண்டாடிய எனக்குக் கைகொடுத்தது 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்தார் கவுண்டமணி. ஒன்று செந்தில் வயிற்றில், ஒன்று கவுண்டமணி கையில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது. எத்தனை அடி விழுந்தாலும் செந்தில் அந்தப் பதிலை விடுவதில்லை. கொண்டது விடாமை! அதற்குப் பிறகு அந்தச் சூத்திரத்தைத் தேர்வில் தப்பாக எழுதிய மாணவன் எனக்குக் கிடைக்கவில்லை.

எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு, பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியரின் உரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது இரண்டு வகை என்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது இன்னொன்று. முதல் வகை கவுண்டமணியுடையது என்றால் இரண்டாவது முழுக்க முழுக்க வடிவேலுவுடையது. அழுத்தம் குறைவது இந்த இரண்டாவதில்தான் என்பது என் கட்சி. 2003-ல் வந்த ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். போகிற இடமெல்லாம் அடி. திரும்பி வந்து வருத்தப்படாத வாலிபர் சங்கத்து ஆட்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேச்சு. உங்கள் அலுவலகத்தில் வருஷாந்திர மதிப்பீட்டுக் கூட்டம் முடிந்த அன்று வாட்ஸ்ஆப்பில் எத்தனை வடிவேலு முகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘எனக்கு அவமானமாக இருந்தது’ என்று சக ஊழியரிடம் சொல்ல முடியாது. அந்தப் படத்தை அனுப்ப முடியும். அவர் பதிலுக்கு இன்னொரு வடிவேலுவை அனுப்புவார். இரண்டு பேரும் அடி வாங்கியவர்கள்தான் என்பது தெரிந்துபோகிறது, அதற்கு மேல் பேச்சு தேவைப்படுவதில்லை.

2019 மே மாதம் நடந்தது இதன் உச்சம். 2001-ல் வந்த ‘ப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். பதினெட்டு வருடம் கழித்து, சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்’ என்று முகநூல் பக்கம் ஒன்றில் கேட்க, நம் ஆள் ஒருவர் சுத்தியல் என்று பெயரைச் சொன்னதோடு நேசமணிக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னார். நேசமணி நலம்பெறப் பிரார்த்தனை செய்யச் சொல்லி ஹேஷ்டேக் ஒன்று கிளம்பி உலக அளவில் போனது. வெளியூர்க்காரர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று விசாரித்தார்கள். தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, சென்னையில் தண்ணீர் இல்லாத கோடை. அந்த நேரத்தில் ஊரே ஒரு கற்பனை மனிதனுக்காகக் கவலைப்பட்டுச் சிரித்தது.

இனி பாடம். இங்கே கொஞ்சம் கறாராகவே பேசப் போகிறேன்.

படம் சொல்ல நினைக்கிற பாடம் வேறு, நமக்கு ஒட்டுகிற பாடம் வேறு. கதாநாயகன் கேமராவைப் பார்த்து நிமிடக்கணக்கில் பேசும் அறிவுரையால் திருந்திய ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. கைதட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஒட்டுவது பெரும்பாலும் ஓரத்தில் நடக்கும் ஒரு சின்னச் செயல். அதுவும் நம் வயசுக்குத் தகுந்தபடி மாறும்.

1986-ல் ஏவி.எம். தயாரித்து விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ எனக்கு நல்ல உதாரணம். பணத் தகராறில் அப்பா அம்மையப்பனும் மூத்த மகன் சிதம்பரமும் முறைத்துக்கொள்ள, வீட்டுக்கு நடுவில் கோடு கிழிக்கப்படுகிறது. மூத்த மருமகள் உமா, லட்சுமி நடித்த பாத்திரம், ஒவ்வொரு சிக்கலாக அவிழ்க்கிறார். கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், கோட்டை அழித்துவிட்டு ஒன்றாக இருக்கலாம் என்று குடும்பமே நினைக்கும்போது உமா வேண்டாம் என்கிறார். தள்ளி இருந்து, நல்ல நாள் கிழமைக்கு வந்து, பிரியத்தோடு போய்வரலாம் என்கிறார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தியேட்டரைவிட்டு வெளியே வரும்போது கோபமாக வந்தது. சேர்த்து வைத்தவரே பிரித்து வைப்பதா? அப்புறம் நானும் அண்ணனும் ஒரே வீட்டில், இரண்டு குடும்பம், ஒரே குளியலறை என்று ஆறு வருடம் இருந்தோம். காலை ஏழு மணிக்கு வாளிச் சத்தத்திலேயே யாருக்கு யார் மேல் கோபம் என்று சொல்லிவிடலாம். தொலைக்காட்சியில் அந்தப் படம் மறுபடி வந்தபோது, உமா பேசும் இடத்தில் நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அண்ணன் வீட்டிலிருந்துதான் வருகிறது.

‘ஆண்டவன் கட்டளை’ இன்னும் நடைமுறைக்குப் பயன்பட்டது. எம். மணிகண்டன் இயக்கி 2016-ல் வந்தது. லண்டன் போக நினைக்கும் காந்தி, ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, கல்யாணமே ஆகாமல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மனைவி பெயர் கார்மேகக்குழலி என்று எழுதிவிடுகிறார். அந்த ஒரு பெயரை நீக்க அவர் எத்தனை அலுவலகம், எத்தனை வாசல், எத்தனை நாற்காலி முன்னால் நிற்கிறார் என்பதுதான் படம். பொய் சொல்லாதே என்று யாரும் உபதேசம் பண்ணவில்லை. அந்தப் படம் பார்த்ததிலிருந்து எந்த விண்ணப்பத்திலும் ‘சும்மா ஏதாவது போடுங்க சார், யார் பார்க்கப்போறா’ என்று கம்ப்யூட்டர் சென்டர்ப் பையன் சொன்னால் எனக்குக் கார்மேகக்குழலி நினைவுக்கு வந்துவிடுகிறார்.

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தோற்று, தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்தே ஜெயித்த படம். அதன் வசனங்களைச் சுவரில் எழுதி மாட்டுகிறார்கள், மாட்டட்டும். எனக்கு ஒட்டியது புவனேஸ்வரத்தில் மழையால் விமானம் நின்றுபோன அந்த ஆரம்பப் பகுதி. விளம்பரப் பட இயக்குநர் அன்பரசு கத்துகிறார், போன் போடுகிறார், எல்லாரையும் அதட்டுகிறார். நல்லசிவமும் அதே மழையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்குக் காத்திருக்கத் தெரியும். உடம்பெல்லாம் தழும்போடு நடமாடும் மனிதருக்கு ஒரு விமானம் போகாதது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறரை மணிக்கு நிற்கும்போது இரண்டில் யாராக இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் அன்பரசுதான்.

அண்மையில் ஒன்று. 2024-ல் பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’. நீளம் என்று பலர் குறைப்பட்டதில் வெளியான பிறகு கொஞ்சம் வெட்டினார்கள். எனக்கு அந்த நீளமே பிடித்தது. இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிற அருள்மொழியை ஒருவர் விழுந்து விழுந்து கவனிக்கிறார். அவர் பெயர் அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பது தெரியவரும்போது மனிதர் நொறுங்கிப்போகிறார். படம் முடிந்து நான் செய்த காரியம், எங்கள் ஊரில் என்னை முதன்முதலில் நூலகத்துக்குக் கூட்டிப்போன ஒருவரின் நம்பரைத் தேடியதுதான். நாலு பேரிடம் விசாரித்துக் கிடைத்தது. பேசினேன். அவருக்கு என்னைச் சுத்தமாக நினைவில்லை. ‘நல்லா இருங்க தம்பி, யாருன்னு தெரியலை, ஆனா நல்லா இருங்க’ என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பிடித்த படம் தப்பான பாடமும் சொல்லிக் கொடுக்கும். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்தால் காதல் வரும் என்று நம் சினிமா பல பத்தாண்டுகளாகச் சொல்லியிருக்கிறது. நம்பிக் கெட்ட மாணவர்களை நான் முதல்வர் அறையில் பார்த்திருக்கிறேன். நான் ரசித்துச் சிரித்த பழைய காட்சிகளில் நிறத்தையும் உடம்பையும் வைத்து அடித்த கிண்டல்கள் ஏராளம். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ‘இதுக்கு ஏன் தாத்தா சிரிக்கிறீங்க?’ என்று கேட்டபோது பதில் இல்லை. அந்தப் படங்களைத் தூக்கிப் போடவில்லை. அந்த இடத்தில் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

நீங்கள் பார்க்கிற விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலும் கைப்பேசியில் துண்டுத் துண்டாகத்தான் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது விநாடித் துண்டில் சிரிப்பு வரும், இளைப்பாறல் வராது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் விருந்துச் சாம்பாரில் மீன் விழுகிற கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுச் சமையற்காரர் காமேஸ்வரன் எவ்வளவு சாது, எவ்வளவு ஆசாரம் என்பதை முன்னாடியே பார்த்து வைத்திருந்தால்தான் அந்த மீன் மீனாக இருக்கும். அந்தப் படத்துக்கு வசனம் எழுதிய கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்தவர். முதல் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது வந்து விழுகிற மாதிரி அடுக்கி வைத்திருப்பார். நடுவில் விரலால் தள்ளினால் அடுக்கு சரிந்துவிடும். அதோடு, கைப்பேசித் திரையில் ஒரு துண்டு முடிந்ததும் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. மேலே அலுவலகச் செய்தி எட்டிப் பார்க்கிறது. பன்னிரண்டரை வரை விழித்திருந்துவிட்டு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போனால் சிரித்த லாபமெல்லாம் வட்டிக்குப் போய்விடும். டி.வி.யில் போடுங்கள், முக்கால் மணி நேரம் பாருங்கள், நிறுத்துங்கள். முடிவுதான் தெரியுமே, நாளைக்கு விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். பார்த்த படத்தில் இது ஒரு பெரிய சௌகரியம்.

ஒன்றே ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். பிடித்த காட்சி வந்தும் சிரிப்பு வராமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது படம் பார்த்துத் தீர்கிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை இருக்கிறது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். என் மாணவர் ஒருவருக்கு நானே அந்த எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நல்லபடியாக இருக்கிறார்.

இப்போது உங்கள் மனைவி. ‘இதையே எத்தனை தடவை’ என்று அவர் கேட்பது படத்தைப் பற்றியே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தரைக்கு வருகிற கணவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரிக்கிறார். பக்கத்து அறையில் இருப்பவருக்கு அந்தச் சிரிப்பு என்ன மாதிரி கேட்கும்? ப்ரொவைனின் 30 மடங்கை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வீணாக்குகிறீர்கள். இந்தச் சனிக்கிழமை இயர்போனைக் கழற்றிவிட்டு, எந்தப் படம் போடலாம் என்று அவரைக் கேளுங்கள். அவருக்கும் பத்து தடவை பார்த்த படம் ஒன்று நிச்சயம் இருக்கும். உங்களுக்கு அது அறவே பிடிக்காததாக இருக்கலாம், என் வீட்டில் அப்படித்தான். என் மனைவிக்குப் பிடித்த படத்தில் முதல் பாதி முழுக்க மழை, இரண்டாம் பாதி முழுக்கக் கண்ணீர். நடுவில் படத்தை நிறுத்திவிட்டு, அதை முதலில் பார்த்த தியேட்டர், கூட வந்த சிநேகிதி, அன்று கட்டியிருந்த தாவணி என்று அவர் ஒரு கதை சொல்வார். எனக்கு மனப்பாடம் அந்தக் கதை. பாலையாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.